தொடைக் காயத்தில் என்ன வீரம்?

தலவாக்கலை உறவுகளே, கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் ஒரே கதை. ஓடுகிற பிள்ளைக்குப் பின்தொடையில் சுரீரென்று இழுக்கும். "எண்ணெய் போட்டு நல்லா உருவு, நாளைக்கு ஓடலாம்" என்போம். பல நேரம் அது சதைநார் கிழிந்த காயம். முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி உருவினால் உள்ளே இரத்தக்கசிவு கூடும்.

நானும் அப்படித்தான் கெட்டேன். ஆசிரியர் ஓட்டத்தில் இழுத்தது. நடக்க வலிக்கவில்லை என்று இரண்டாம் கிழமையே பந்து விளையாடப் போனேன். ஏழு மாதமாகியும் பள்ளிவாசல் படி ஏறினால் இழுக்கிறது.

2011 உலகக் கிண்ண அரையிறுதியில் ஏஞ்சலோ மெத்தியூஸுக்குத் தொடைத்தசைக் காயம். இறுதிப் போட்டியில் அவரை இறக்கவில்லை. உலகக் கிண்ணத்தைவிடவா நம் இல்லக் கிண்ணம் பெரிது?

நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்று மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. நம் வீம்புதான் தர மறுக்கிறது.

வலியில்லாமல் நடந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. முதலில் தசைக்குப் பலம் தரும் பயிற்சி, பிறகு மெல்லோட்டம், கடைசியில்தான் வேகம்.

சேர்மாரே, பெற்றோரே, "இழுக்குது சேர்" என்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். உட்கார விடுங்கள்.