பொன்னாடை போதும், ஒரு கடிதம் எழுதுங்கள்



நம் நாட்டில் தமிழ்நூல் வெளியீடு எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். தமிழ்வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முதல் நூலைப் பெரும்பணம் கொடுத்துப் பெறும் ஒரு டத்தோ, அவர் பின்னே உறைகளோடு நீளும் வரிசை. எழுத்தாளருக்குப் பொன்னாடை, மாலை, நிழற்படம். பிறகு சிற்றுண்டி. நூல் வீட்டுக்குப் போய் அலமாரியில் உறங்கிவிடும். இந்த வழக்கத்தை நான் இகழவில்லை. அச்சகக் கடனை அடைப்பது அந்த உறைகள்தாம். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த எழுத்தாளரைக் கண்டு, 'உங்கள் கதையில் அந்தக் கிழவி கடைசியில் ஏன் பேசாமல் போனாள்?' என்று ஒருவர் கேட்டால் அவர் முகம் மலர்வதைப் பாருங்கள். பொன்னாடை தராத மலர்ச்சி அது!

கற்பனைக் கதை எழுதுவோருக்கு இந்தப் பசி இன்னும் மிகுதி. இல்லாத ஓர் உலகத்தைப் படைத்தவருக்கு, அதற்குள் வேறொருவர் நடந்து வந்தார் என்று தெரிந்துகொள்ளும் வழி வாசகரின் சொல்தானே? ஜே.கே. ரோலிங்கின் முதல் ஹாரி பாட்டர் கதையைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. புளூம்ஸ்பரி பதிப்பகத் தலைவரின் 8 வயது மகள் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மீதியைக் கேட்டு நச்சரித்தாள். 1997இல் நூல் வெளிவந்தது.

இதற்கு 60 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இன்னும் சுவையானது. டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' கதையின் கையெழுத்துப் படி 1936இல் ஸ்டான்லி அன்வின் என்னும் பதிப்பாளரிடம் வந்தது. சிறுவர் நூலைச் சிறுவரே மதிப்பிட வேண்டும் என்பது அவர் கொள்கை. 10 வயது மகன் ரேய்னரிடம் கொடுத்து, எழுதித் தந்தால் ஒரு சில்லிங் கூலி என்றார். பையன் கதையைச் சுருக்கி எழுதி, வரைபடங்கள் இருந்தால் ஓவியம் தேவையில்லை என்றும், 5 வயது முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றும் தீர்ப்புச் சொன்னான். தனக்கு வயது 10 என்பதால் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை போலும்! அடுத்த ஆண்டே நூல் வந்தது.

அதே டோல்கீனுக்கு 1954இல் ஆக்ஸ்ஃபோர்டுப் புத்தகக் கடை மேலாளர் ஒருவர் கடிதம் எழுதினார். எல்ஃப் இனத்தார் மறுபிறவி எடுப்பதாகக் காட்டியது சமய நோக்கில் சரிதானா, எழுத்தாளர் தம் எல்லையை மீறிவிட்டாரோ என்பது அவர் ஐயம். பாராட்டன்று, குறுக்குக் கேள்வி. டோல்கீன் பக்கம் பக்கமாக விடை எழுதினார். பிறகு தம்மைப் பெரிதாக எண்ணிக்கொள்வதாகிவிடுமோ என்று அஞ்சி அனுப்பாமலே வைத்துவிட்டார். வெறும் 'அருமை' என்ற சொல் ஒருவரை இப்படி எழுத வைக்குமா?

நமக்கும் இந்த மரபு உண்டு. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேச'னில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். எழுதத் துடித்த இளையோரின் கதைகளைப் படித்துக் குறைநிறை காட்டினார்கள். பின்னர் அந்த நாளிதழுக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, 1957இல் தாயகம் திரும்பும்வரை இங்குள்ள எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கியம் பேசினார். தட்டிக்கொடுப்பதைவிட, படித்துப் பேசுவதையே அவர்கள் மரியாதையாகக் கருதினார்கள்.

நம் கெடா மாநிலத்துக்கே வருவோம். தோட்ட மக்களின் வாழ்வை எழுதிய சீ. முத்துசாமிக்கு 2017இல் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது வழங்கினார்கள். விருதைவிட அதைச் சூழ்ந்து நடந்ததுதான் என்னைக் கவர்ந்தது. ரப்பர் மரத்தையே பார்த்திராத தமிழகத்து வாசகர்கள் பலர் அவருடைய படைப்புகளைத் தேடிப் படித்தார்கள், கட்டுரை எழுதினார்கள், அரங்கில் அவரிடமே கேள்வி கேட்டார்கள். பாடாங் மேஹாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய சுங்கை பட்டாணிப் பக்கத்து எழுத்தாளரை அவர்கள் படித்த அளவுக்கு நாம் படித்திருக்கிறோமா? ஆசிரியர் அறைகளில் கேட்டுப் பாருங்கள்.

பழக்கம் பள்ளியிலேயே தடுமாறுகிறது என்பது என் கருத்து. 1999இல் தொடங்கிய 'நிலாம்' வாசிப்புத் திட்டம் நல்ல நோக்கமுடையது. ஆனால் பதிவேட்டில் என்ன நடக்கிறது? தலைப்பு, எழுத்தாளர், பக்க எண்ணிக்கை, கதைச் சுருக்கம், படிப்பினை. சுருக்கம் பின்னட்டையிலிருந்து வரும்; படிப்பினை 'நாம் பெற்றோர் சொல் கேட்க வேண்டும்' என்று எல்லா நூலுக்கும் ஒன்றாகவே இருக்கும். யானையும் எறும்பும் கதையானாலும் அதுவே, பேய்க் கதையானாலும் அதுவே. எண்ணிக்கைக்குப் பதக்கம் கிடைக்கும்போது பிள்ளை வேறென்ன செய்யும்? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டதால், 'நேரமில்லை' என்ற பழைய காரணத்தையும் நாம் முழுமையாகச் சொல்ல இயலாது.

எனவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்குப் பத்து நூல்களின் பதிவு போகட்டும். ஒரே ஒரு நூலைப் பற்றிப் பிள்ளை ஒரு பக்கம் எழுதட்டும். எந்த இடத்தில் சிரித்தாய்? எங்கே சலித்தது? எதை நம்ப முடியவில்லை? நீயாக இருந்தால் முடிவை எப்படி மாற்றுவாய்? இவ்வளவே கேளுங்கள். எழுதியதை நூலாசிரியருக்கே அஞ்சலில் அனுப்புங்கள். நம் எழுத்தாளர்கள் எட்டாத உயரத்தில் இல்லை. சுங்கை பட்டாணியிலும் லுனாசிலும் கூலிமிலும் தமிழ் எழுதுவோர் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். அவர்களுள் ஆசிரியர்களும் உண்டு.

'பிடிக்கவில்லை என்று பிள்ளை எழுதிவிட்டால் பெரியவர் மனம் புண்படாதா?' எனச் சிலர் தயங்கலாம். படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு சொல்லும் 11 வயது வாசகியை எந்த எழுத்தாளரும் வெறுக்கமாட்டார் என்றே நான் நம்புகிறேன். கடிதத்தைத் திருத்தும் ஆசிரியர் லகர ளகரங்களைத் திருத்தினால் போதும். கருத்தில் கை வைக்க வேண்டா.