ஜார் படித்த பத்திரிகை

லண்டனில் அச்சாகி ருஷ்யாவுக்குள் திருட்டுத்தனமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த ‘கோலகல்’ இதழ், தன் நல்ல காலத்தில் ஏறத்தாழ 2,500 பிரதிகள் அச்சானது. 1863 முடிவதற்குள் அது 500க்கு வந்துவிட்டது. அச்சகம் ஆசிரியருக்குச் சொந்தம். பணத்துக்குக் குறைவில்லை. ஜாரின் தணிக்கையாளர் கை லண்டன் வரை நீளாது. அப்படியிருந்தும் ஐந்தில் நான்கு பங்கு வாசகர்கள் ஒரே ஆண்டில் போய்விட்டார்கள். ஆசிரியர் தெரிந்தே எடுத்த ஒரு முடிவுதான் காரணம். இதழியல் வரலாற்றில் இதை ஒரு வீழ்ச்சி என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த இதழுக்குக் கிடைத்த விடுதலை அது என்பது எங்கள் எண்ணம்.

அலெக்சாண்டர் ஹெர்சன் 1812இல் மாஸ்கோவில் பிறந்தார். அதே ஆண்டு நெப்போலியன் உள்ளே நுழைய, நகரம் எரிந்தது. தந்தை இவான் யாகவ்லேவ் பெரிய நிலப்பிரபு. தாய் ஜெர்மானியப் பெண். முறைப்படி மணம் செய்துகொள்ளப்படாதவர். 1825 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க் சதுக்கத்தில் எழுந்த அதிகாரிகளின் கிளர்ச்சி அடக்கப்பட்டு, மறு ஆண்டு ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டபோது ஹெர்சனுக்குப் பதினான்கு வயது. அவரும் நண்பர் ஒகார்யோவும் மாஸ்கோவுக்கு வெளியே குருவிக்குன்றின்மேல் நின்று, அந்த ஐவரின் வழியில் வாழ்வதாகச் சபதம் செய்தார்கள். பிள்ளைப் பருவத்துச் சபதங்களில் பெரும்பாலானவை பிள்ளைப் பருவத்தோடு போய்விடும். இது போகவில்லை. முப்பது ஆண்டு கழித்து இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதழ் நடத்தினார்கள்.

இடையில் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். 1834இல் கைது, பிறகு வியாத்கா, விளாதிமிர் என்று உள்நாட்டிலேயே நாடுகடத்தல். மீண்டு வந்தவர் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு காவலாளி செய்த கொலையைப் பற்றித் தந்தைக்கு எழுதினார். தபாலில் அந்தக் கடிதம் பிரிக்கப்பட்டது. வதந்தி பரப்பினார் என்று 1841இல் நோவ்கரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்கு அரசு ஆலோசகர் உத்தியோகம். கண்காணிப்பில் உள்ளவர்களைப் பற்றிய போலீஸ் அறிக்கைகள் அவர் கையெழுத்துக்கு வரும். அந்தப் பட்டியலில் அவர் பெயரும் இருக்கும். முதலாம் நிக்கலாய் ஆண்ட ருஷ்யாவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு மேசை போதும். 1847 ஜனவரியில் குடும்பத்தோடு நாட்டை விட்டுக் கிளம்பினார். திரும்பவே இல்லை. 1848இல் பாரிஸ் புரட்சி தோற்பதைக் கண்ணால் பார்த்தார். 1851இல் தாயும், காது கேளாத சிறு மகனும் கப்பல் விபத்தில் மாண்டார்கள். அடுத்த ஆண்டு மனைவி நத்தாலியா நீஸ் நகரில் இறந்தார். அந்த 1852இலேயே லண்டன் வந்து சேர்ந்தார்.

1853இல் ‘சுதந்திர ருஷ்ய அச்சகம்’ தொடங்கியது. உடன் நின்று உழைத்தவர்கள் போலந்து அகதிகள். ருஷ்யர்களால் நாட்டை இழந்தவர்கள்தான் ருஷ்ய மொழியின் முதல் தணிக்கையற்ற அச்சகத்துக்குத் தோள் கொடுத்தார்கள். பின்னால் நடந்ததற்கு இது முக்கியம். பண்ணையடிமைகளை விடுவியுங்கள் என்று நிலப்பிரபுக்களுக்கு எழுதிய துண்டறிக்கைதான் முதலில் வெளிவந்தது. ருஷ்யாவிலிருந்து ஒரு பதிலும் இல்லை. கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. மாஸ்கோ நண்பர்களே பயந்தார்கள். அச்சடித்தவை அடுக்கடுக்காகத் தேங்கின. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1855இல் நிக்கலாய் செத்தார். செய்தி கேட்டு ஹெர்சன் தெருப்பையன்களுக்குக் காசு கொடுத்துக் கூச்சல் போடச் சொன்னதைத் தன் நினைவுக்குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். அதே ஆண்டு ‘துருவ நட்சத்திரம்’ என்ற ஆண்டிதழ் வந்தது. தூக்கிலிடப்பட்ட ஐவரின் முகங்கள் அதன் அட்டையில் இருந்தன. 1856இல் ஒகார்யோவ் வந்து சேர்ந்தார். ஆண்டிதழ் போதாது, உடனுக்குடன் பேச ஓர் இதழ் வேண்டும் என்றவர் அவர்தான். 1857 ஜூலை 1 அன்று ‘கோலகல்’ வெளிவந்தது. மணி என்று பொருள். மூன்றே கோரிக்கைகள்: குடியானவனை நிலப்பிரபுவிடமிருந்து விடுவி, எழுத்தைத் தணிக்கையிலிருந்து விடுவி, வரி கட்டுகிற மக்களைச் சவுக்கடியிலிருந்து விடுவி.

இந்த இதழுக்குச் செய்தியாளர்கள் என்று யாருக்கும் சம்பளம் தரவில்லை. வாசகர்கள் எழுதினார்கள். எந்த ஆளுநர் எவ்வளவு தின்றார், எந்தத் தளபதி யாரை அடித்துக் கொன்றார், எந்தப் பிரபு தன் குடியானவர்களை என்ன செய்தார் என்று கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அமைச்சகங்களுக்குள்ளிருந்தே ரகசிய ஆவணங்களின் நகல்கள் லண்டனுக்கு வந்தன. 1859 முதல் இத்தகைய புகார்களுக்காகவே ‘நீதிமன்றத்துக்கு!’ என்ற இணைப்பு மூன்றாண்டுகள் வந்தது. துர்கனேவ் தகவல் அனுப்பினார். 1861இல் டால்ஸ்டாய் வந்து பார்த்தார். 1862இல் தாஸ்தாயெவ்ஸ்கி வந்தார். லஞ்சம் வாங்கும் அதிகாரி, தன் பெயர் அடுத்த இதழில் வந்துவிடுமோ என்று அஞ்சினார். இரண்டாம் அலெக்சாண்டர் ஜாரே இதழைப் படித்தார்.

இங்கேதான் எங்கள் கேள்வி தொடங்குகிறது. ஓர் இதழை அரசன் படிக்கிறான் என்று தெரிந்த பிறகு அந்த இதழுக்கு என்ன ஆகும்?

புதிய ஜார் பண்ணையடிமை முறையை ஒழிக்க முதல் அடி எடுத்துவைத்ததும், 1858 தொடக்கத்தில், ஹெர்சன் அவரைக் கொண்டாடி எழுதினார். அது போலியல்ல. மேலிருந்து வருகிற விடுதலையானால் ரத்தம் சிந்தாது என்று அவர் உண்மையாகவே நம்பினார். 1848இன் பாரிஸ் தெருக்களைப் பார்த்தவர் அப்படி நம்புவதில் வியப்பில்லை. ஆனால் அந்த நம்பிக்கையில் இன்னொன்றும் கலந்திருந்தது. தான் எழுதுவது அரண்மனையில் கேட்கிறது என்ற இன்பம். கேட்கப்படும் இடத்தை நோக்கியே குரல் திரும்பும். குடியானவனைப் பற்றி எழுதும்போதே ஜாருக்கு எழுதுவதாக வாக்கியங்கள் அமைந்துவிடும்.

அவருக்கு எதிராக இரு பக்கமும் குரல்கள் எழுந்தன. சிச்சேரின் என்ற தாராளவாத அறிஞர், நீ ஆத்திரமூட்டுகிறாய், சீர்திருத்தத்தைக் கெடுக்கிறாய் என்று குற்றம் சாட்டினார். மறுபக்கம், 1860இல், ‘ருஷ்ய மனிதன்’ என்று மட்டும் கையொப்பமிட்ட ஒருவர், ஜாரைப் புகழ்வதை நிறுத்து, குடியானவர்களைக் கோடரியைத் தூக்கச் சொல் என்று எழுதினார். இரண்டையும் ஹெர்சன் தன் இதழிலேயே வெளியிட்டார். கோடரிக் கடிதத்துக்குப் பதிலும் எழுதினார்: கோடரியை அழைக்க மாட்டேன் என்று. இவரைப் பெரிய ஆசிரியர் என்று சொல்லவைப்பது ஜாரின் வாசிப்பு அல்ல. தன்னைத் திட்டிய இரு கடிதங்களுக்கும் பக்கம் கொடுத்ததுதான்.

1861 மார்ச்சில் விடுதலைப் பிரகடனம் வெளியானது. ஏப்ரல் 10 அன்று லண்டனில் தான் குடியிருந்த ஆர்செட் ஹவுஸ் முழுக்க விளக்கேற்றி, இசைக்குழு வைத்து, ஹெர்சன் விருந்து கொடுத்தார். ஜாரின் நலத்துக்கு மதுக்கோப்பை உயர்த்துவதாக ஏற்பாடு. நாடுகடத்தப்பட்ட ஒருவன் தன்னை நாடுகடத்திய அரசபீடத்தை வாழ்த்தப் போகும் தருணம். அன்றைக்கே வார்சாவிலிருந்து செய்தி வந்தது: இரண்டு நாள் முன்பு ருஷ்யப் படை நிராயுதபாணிக் கூட்டத்தின்மீது சுட்டிருக்கிறது. அந்த வாழ்த்து சொல்லப்படவில்லை. விருந்தில் போலந்து நண்பர்களும் இருந்தார்கள்.

பிரகடனத்தின் உள்ளடக்கமும் விரைவில் வெளுத்தது. குடியானவன் தான் உழுத நிலத்துக்கே 49 ஆண்டுகள் மீட்புத்தொகை கட்ட வேண்டும். கஸான் மாகாணத்தின் பெஸ்த்னா கிராமத்தில், இதுவா விடுதலை என்று கேட்டவர்களைப் படை சுட்டது. பழைய அடிமைத்தனத்தை எடுத்துவிட்டுப் புதிய அடிமைத்தனத்தை வைத்திருக்கிறார்கள் என்று ஒகார்யோவ் ‘கோலகல்’லில் எழுதினார். இதழ் அரண்மனைப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பத் தொடங்கியது அப்போதுதான்.

புகழுக்கு வேறொரு விலையும் இருந்தது. ஹெர்சன் வீட்டுக்கு யாரும் வரலாம், போகலாம். ஒற்றர்களும் வந்தார்கள். 1862 கோடையில் ருஷ்யாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் கடிதங்கள் கொடுத்தனுப்பப்பட்டன. விருந்தினர்களிடையே அமர்ந்திருந்த ஒற்றன் மூலம் விஷயம் போய், எல்லையிலேயே அவர் பிடிபட்டார். கடிதங்களில் ஒன்றில், பீட்டர்ஸ்பர்க்கில் தடை செய்யப்பட்ட ‘சமகாலத்தவர்’ இதழை, அதன் ஆசிரியர்களில் ஒருவரான செர்னிஷேவ்ஸ்கியோடு சேர்ந்து லண்டனிலிருந்து நடத்தத் தயார் என்று எழுதப்பட்டிருந்தது. அதைச் சாக்காக வைத்துச் செர்னிஷேவ்ஸ்கியைக் கைது செய்தார்கள். சைபீரியாவில் ஏழாண்டுக் கடுங்காவல், பிறகும் அங்கேயே வாசம். 1883இல்தான் அங்கிருந்து வெளியே வந்தார். பாதுகாப்பான ஊரில் இருந்து எழுதுகிறவனின் அசட்டை, பாதுகாப்பற்ற ஊரில் இருக்கிறவனின் வாழ்க்கையைத் தின்றது. இதை ஹெர்சனின் கணக்கிலிருந்து கழித்துவிட முடியாது.

1863 ஜனவரியில் போலந்து எழுந்தது. எழுச்சி தோற்கும் என்று ஹெர்சனுக்குத் தெரியும். தொடங்கிய நேரம் தவறு என்றும் நினைத்தார். தயங்கினார். புரட்சியாளர் பக்கூனினும் ஒகார்யோவும் நெருக்கினார்கள். ஆனால் ஒருமுறை முடிவெடுத்த பிறகு இதழில் தயக்கத்துக்கு இடமில்லை: போலந்தின் விடுதலைப் பக்கம்தான் ‘கோலகல்’ நின்றது. ருஷ்யாவிலோ தேசப்பற்று வெறி ஏறியிருந்தது. நேற்று வரை ஊழல் ஆளுநர்களைப் பற்றி ஆவலோடு படித்த அதே தாராளவாதிகள் இன்று பத்திரிகையாளர் காத்கோவின் ‘மாஸ்கோ செய்தி’களைக் கையில் எடுத்தார்கள். வில்னாவில் எழுச்சியாளர்களைத் தூக்கிலிட்ட முராவ்யோவுக்கு விருந்தும் வாழ்த்தும் நடந்தன. ‘கோலகல்’ துரோகியின் இதழானது.

அந்த 2,000 பேர் விலகியது எதனால்? ஜாரின் சவுக்கை எதிர்த்தபோது அவர்களுக்கு ஹெர்சன் வேண்டியிருந்தார். அந்தச் சவுக்கு இன்னொரு மக்களின் முதுகில் விழுந்தபோது அவர் வேண்டாதவரானார். தங்கள் நாட்டு அதிகாரியின் அநீதி அவர்களுக்கு உறுத்தியது. தங்கள் நாட்டின் அநீதி உறுத்தவில்லை. ஹெர்சன் இரண்டுக்கும் வேறுபாடு வைக்கவில்லை. அவருடைய அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்கள் யார் என்பதை அவர் மறந்துவிடவுமில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1863க்குப் பிறகும் இதழ் நின்றுவிடாமல் ஓடியதற்கு ஆசிரியரின் சொத்தே காரணம். அந்தச் சொத்து தந்தையின் பண்ணைகளில் உழைத்த அடிமைகளின் வியர்வை. நிக்கலாய் அதை முடக்கியபோது, பாரிஸின் ஜேம்ஸ் ரோத்ஸ்சைல்ட் தன் வங்கியின் பலத்தைக் காட்டி மீட்டுக் கொடுத்தார். பண்ணையடிமைகளுக்காகப் பேசிய இதழைப் பண்ணையடிமைகளின் உழைப்பும் ஒரு வங்கி முதலாளியின் செல்வாக்கும் தாங்கின. ஹெர்சனை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. சுதந்திர இதழ் என்று எதைச் சொன்னாலும் அதன் காகிதச் செலவை யார் கொடுத்தார்கள் என்று கேட்டுவிட வேண்டும். சந்தாவில் ஓடுகிற இதழுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

1865இல் அச்சகம் ஜெனீவாவுக்குப் போனது. அங்கிருந்த இளம் ருஷ்யப் புரட்சியாளர்களுக்கு ஹெர்சன் பழைய காலத்துச் சீமானாகத் தெரிந்தார். சரியாகப் பத்தாண்டு முடிந்த 1867 ஜூலை 1 அன்று ருஷ்ய மொழிக் ‘கோலகல்’ நின்றது, 245 எண்கள். மறு ஆண்டு பிரெஞ்சில் சிறிது காலம் நடத்திப் பார்த்தார். 1870 ஜனவரியில் பாரிஸில் இறந்தார்.

செல்வாக்கு இருந்த ஆறாண்டுகளில் ‘கோலகல்’ சாதித்தவை உண்மையான சாதனைகள். அவற்றை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் எவரும் ‘கோலகல்’லை வாங்குவதற்குத் தன் ஊரையும் நண்பர்களையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1863இன் 500 பேர் அப்படியல்ல. தங்கள் ஊரும் நண்பர்களும் ஒருபக்கம் நிற்க, மறுபக்கம் நின்று படித்தவர்கள். இதழ் என்பது அவர்களுக்காகத்தான். எண்ணிக்கை குறைவதே பெருமை என்று இதற்குப் பொருளில்லை; எதுவும் சொல்லாமலேயே வாசகரை இழக்கிற இதழ்களும் உண்டு, அவற்றுக்கு இந்த ஆறுதல் கிடையாது. எதைச் சொன்னதால் இழந்தோம் என்பதுதான் கணக்கு.

ஹெர்சன் செய்ததைப் போல, எங்கள் இதழிலும் எங்களைத் தாக்கி வரும் கடிதங்களை இனி வெட்டாமல், பின்பக்கத்தில் ஒதுக்காமல், கட்டுரைகளுக்கு நடுவிலேயே வெளியிடுவோம். பதில் சொல்ல வேண்டியவற்றுக்கு அடுத்த பக்கத்தில் பதில் இருக்கும். அந்தப் பதிலால் சந்தா குறைந்தால், குறையட்டும்.