மணிக்கட்டு வலியும் ஊசி மருந்தும்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். கல்லே தேயுமாயின், நாள்தோறும் ஒரே விதமாக ஆயிரக்கணக்கான முறை அசையும் கை நோவதில் வியப்பில்லை. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் பாதையிலுள்ள கஹவத்தையையும், அதனைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களையும் அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கும் பெண் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஓயாது தளிரைக் கிள்ளுகிறாள். பால் வெட்டுபவர் கத்தியை இறுகப் பிடித்து மணிக்கட்டைத் திருப்புகிறார். மாலையில் லயத்துக்குத் திரும்பிய பின்னர் அதே கைதான் துணி பிழிகிறது, தேங்காய் துருவுகிறது, குழந்தையைத் தூக்குகிறது.

"கையிலே ஓர் ஊசி போட்டால் வலி போய்விடுமாமே, போட்டுக்கொள்ளலாமா?" என்னும் கேள்வி இக்குடும்பங்களில் அடிக்கடி எழுவதுண்டு. ஊசி போட்டால் கை வலுவிழந்துவிடும் என அஞ்சுவோர் ஒரு சாரார். ஊசி போடாத வைத்தியரும் ஒரு வைத்தியரா என்போர் மற்றொரு சாரார். இருவரும் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

ஊசியின் பிறப்பு

மூட்டு வலிக்கான ஊசிகளுள் பெயர் பெற்றது ஸ்டெரொயிட் என்னும் வகையைச் சேர்ந்ததாகும். 1948 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மேயோ சிகிச்சை நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த 29 வயதுப் பெண்ணொருவருக்கு முதன்முதலாகக் கோர்ட்டிசோன் ஊசி ஏற்றப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அவர் எழுந்து கடைவீதிக்குச் செல்லும் அளவுக்குக் குணமடைந்தார். இம்மருந்து தொடர்பான ஆராய்ச்சிக்காக ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆனால் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. மருந்து உடல் முழுவதும் பரவியபடியால், தொடர்ந்து ஏற்றப்பட்டவர்களுக்கு முகம் வீங்கியது, எலும்பு மெலிந்தது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. ஆகவே, நோவுள்ள இடத்துக்கு மட்டும் சிறிதளவு மருந்தைச் செலுத்தினால் என்ன என்னும் எண்ணம் பிறந்தது. பிலடெல்பியா நகரின் ஹொலண்டர் என்னும் வைத்தியர், மூட்டினுள்ளேயே மருந்தேற்றும் முறையை 1951 இல் வெளியிட்டார். இன்று மணிக்கட்டிலும் விரல்களிலும் போடப்படும் ஊசி அதன் வழிவந்ததே.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கையில், நோவுள்ள இடத்தையே நாடிப் போடும் ஊசி வேறு. வலி என்று சொன்னதும் இடுப்பில் போட்டு அனுப்பும் ஊசி வேறு. பின்னையது சில நாட்களுக்கு வலியை அமர்த்தலாம். ஆனால் அதனை அடிக்கடி போட்டுக்கொண்டால், மருந்தின் வகைக்கேற்ப இரைப்பையோ, சிறுநீரகமோ, எலும்போ பாதிப்படையும். நோயின் உண்மை உருவமும் மறைந்துவிடும்.

எந்த வலிக்கு எது?

கைவலி என்பது ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. எனவே ஊசிக்கு முன்னர் வலிக்குப் பெயர் காண்பது அவசியம்.

பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் குத்தும் வலி ஒன்று. தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற தசைநாண்கள் ஓர் உறையினூடே செல்கின்றன. அவ்வுறை தடித்து இறுகும்போது இவ்வலி தோன்றுகிறது. 1895 இல் இதனை விவரித்த சுவிற்சர்லாந்து வைத்தியர் டி குவர்வேனின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாரையும், ஓயாது கிள்ளிப் பறிக்கும் கைகளையும் இது எளிதில் பற்றும். ஊசி மிக நன்றாகப் பயன்தரும் நோய்களுள் இதுவும் ஒன்று. ஒன்று அல்லது இரண்டு ஊசிகளுடன் பெரும்பாலோர் சுகமடைகின்றனர்.

விரலை மடக்கினால் நிமிர மறுத்து, பின்னர் 'டக்' என விடுபடும் நோய்க்கும் உள்ளங்கையில் விரலடியில் போடும் ஊசி பெரும்பாலும் உதவுகின்றது.

இரவில் பெருவிரலும் அடுத்த விரல்களும் மரத்துப்போய், எழுந்து கையை உதறச் செய்வது வேறு நோய். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்பதே அதன் காரணம். கர்ப்பிணிகளிடமும், நீரிழிவு, தைரொயிட் குறைபாடு உள்ளவர்களிடமும் இது மிகுதி. இதற்கு ஊசி சில வாரங்களோ மாதங்களோ ஆறுதல் தரும்; பலருக்கு மீண்டும் வருவதுண்டு. பெருவிரலடித் தசை மெலியத் தொடங்கினால் ஊசியை நம்பிக் காலங்கடத்தலாகாது. சிறிய சத்திரசிகிச்சை தேவையா என நிபுணரிடம் கேட்டறிதல் வேண்டும்.

வயது முதிர்ந்தோருக்குப் பெருவிரல் மூட்டுத் தேய்வதால் வரும் வலிக்கு ஊசியால் கிடைக்கும் பயன் பெரும்பாலும் சொற்பகாலத்துக்கே.

இனி, யாவரினும் கவனமாக இருக்க வேண்டியவர்கள் இவர்கள்: இரு கைகளிலும் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் கையை மடக்க இயலாது தவிப்பவர்கள். இது மூட்டுவாத நோயாக இருக்கலாம். வீங்கிய ஒரு மூட்டில் ஊசி போட்டால் அம்மூட்டு அமரும்; நோயோ ஏனைய மூட்டுகளை அரித்துக்கொண்டேயிருக்கும். காலந்தாழ்த்தாது உரிய மருந்தைத் தொடங்கினால் கைகள் கோணாமல் காக்கலாம். அம்மருந்துகளுள் முதன்மையான மெதோட்ரெக்சேற் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே கொள்ளத்தக்கது. அதனைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரும் என்பதை மறத்தலாகாது. 2006 இல் நம் நாட்டில் பரவிய சிக்குன்குன்யாக் காய்ச்சலின் பின்னரும் மாதக்கணக்கில் மூட்டு வலித்தோர் பலர். ஆகவே அண்மையில் காய்ச்சல் கண்டிருந்தால் அதனையும் வைத்தியரிடம் கூறவேண்டும்.

ஊசிக்கு முன்னும் பின்னும்

நீரிழிவு உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். ஊசிக்குப் பின் சில நாட்களுக்கு இரத்தத்தில் சீனி உயரும். இரத்தம் உறையாதிருக்க மருந்து கொள்பவர்களும் சொல்லவேண்டும். மூட்டு சிவந்து கொதித்து, காய்ச்சலும் இருந்தால், அல்லது ஊசி போடும் இடத்தில் புண் இருந்தால், ஸ்டெரொயிட் ஊசி ஆகாது.

ஊசியுடன் விறைப்பு மருந்தும் கலந்திருப்பதால் சில மணி நேரம் வலியே தெரியாது. அன்றிரவோ மறுநாளோ வலி முன்னிலும் கூடலாம். ஓரிரு நாட்களில் தணியும். மருந்தின் முழுப் பயன் தெரிய ஒரு வாரமோ இரண்டு வாரமோ செல்லலாம். சிலருக்கு அவ்விடத்தில் தோல் வெளுக்கும், அல்லது சிறிது குழிவிழும். நம்மவரின் கருநிறத் தோலில் இவ்வெளுப்பு நன்கு தெரியும். பெரும்பாலும் மாதங்கள் செல்லச் செல்ல மங்கும். வீக்கமும் வலியும் நாளுக்குநாள் ஏறி, காய்ச்சலும் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் போட்டுக்கொள்வது தவறு. ஆண்டொன்றுக்கு மூன்று அல்லது நான்குக்கு மேற்படலாகாது என்பதும், இரண்டு ஊசிகளுக்கிடையே மூன்று மாதமேனும் செல்லவேண்டும் என்பதும் வைத்தியர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் வரம்பு. மீறினால் தசைநாண் நலிந்து அறுந்துபோகவும் கூடும்.

அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். தோட்ட டிஸ்பென்சரியில் வலி தீராவிடின் கஹவத்தை ஆதார வைத்தியசாலையில் காட்டி, அவசியமாயின் அங்கிருந்து இரத்தினபுரி போதனா வைத்தியசாலையின் நிபுணரிடம் செல்லக் கடிதம் பெறலாம். எங்கு ஊசி போட்டாலும், மருந்தின் பெயரையும் திகதியையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேட்பதற்குத் தயங்கவேண்டாம்.

ஊசியால் ஆகாதது

ஊசி வீக்கத்தைத் தணிக்கும். வலிக்குக் காரணமான வேலையை அதனால் குறைக்க முடியாது. வலி நின்றதும் மறுநாளே மலைக்குச் சென்று கூடையை நிரப்பினால், நோய் திரும்பி வர வழிதிறந்து விட்டதாகவே முடியும். வலியற்ற அந்தச் சில வாரங்களே கை ஆறுவதற்குக் கிடைக்கும் தவணை. வைத்தியர் தரும் பெருவிரல் கட்டை அணிவதும், அவர் காட்டும் பயிற்சியைச் செய்வதும் அத்தவணைக்குள்தான்.

"ஒரு நாள் நின்றால் பேர் போய்விடுமே, நிறை குறைந்தால் சம்பளமும் குறையுமே" எனச் சகோதரிகள் கேட்பது நியாயமே. மலையில் ஓய்வு அரிதாயின், வீட்டிலேனும் அது கிடைக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தைக் கணவர் தூக்கலாம். துணியை வளர்ந்த மகன் பிழியலாம். தேங்காய் துருவுவது ஆண்களுக்கு இழுக்கன்று. தோட்டத்தை நடத்துவோரும், வைத்தியர் ஓய்வு எழுதிய கைக்குச் சில நாள் இலகுவான வேலை கொடுத்தால், நல்ல தொழிலாளி ஒருவரை நெடுங்காலம் இழக்காதிருப்பர்.

ஊசியை வைத்தியர் போடுவார். அதன் பயனைக் காப்பது வீட்டாரின் பொறுப்பு. குடும்பத்துக்குச் சோறு போடும் கைக்குச் சில வார ஓய்வு கொடுப்பது சலுகையாகாது; அது நாம் அக்கைக்குப் பட்ட கடனேயாகும்.