முதலில் உறுதி, பின்னர் வரி

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பது முன்னோர் வாக்கு. கல்முனை முதல் கோமாரி வரையுள்ள கரையோரத்தில் இவ்விரண்டும் ஒன்றேயாகும். தமிழராயினும் முஸ்லிம்களாயினும், மகளுக்கென ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்த பின்னரே மணவினை பேசும் வழக்கமுடையோர் இம்மக்கள். மீன்பிடித்தும் வயலுழுதும் ஈட்டிய பொருளெல்லாம் கல்லாகவும் மண்ணாகவும் மாறி மகளின் வாழ்வாக நிற்கின்றது. ஆதலால், வீட்டின்மீது விழும் ஒவ்வொரு வரியும் இங்கே குடும்பத்தின் அடிவேரில் விழும் அடியாகும்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கம் கைவிரித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவியைப் பெற்றது. அதன்பின் வரிகள் ஏறின. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதலாந் திகதி 15 வீதத்திலிருந்து 18 வீதமாயிற்று. சீமெந்து வாங்கும் ஏழையும் மாளிகை கட்டும் செல்வனும் ஒரே வீதத்திலேயே அதனைச் செலுத்துகின்றனர். முதலீட்டுச் சொத்தை விற்று ஆதாயம் பெறும் தனியாள் செலுத்தவேண்டிய மூலதன ஆதாய வரி, 2025 ஏப்ரலில் 10 வீதத்திலிருந்து 15 வீதமாயிற்று. காணி வாங்குபவர் முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் எஞ்சிய தொகைக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். இருபது இலட்சம் ரூபாக் காணியொன்றிற்கு இது 79,000 ரூபாவாகும். நொத்தாரிசுவின் கூலி வேறு.

இவை போதாவென்று, சொந்த வீட்டில் குடியிருப்போர் தமக்குத் தாமே வாடகை செலுத்துவதாகக் கற்பனை செய்து, அக்கற்பனை வருமானத்தின்மீது வரி விதிக்கும் யோசனை நாணய நிதியத்துடன் உடன்பாடு கண்ட திட்டங்களுள் ஒன்றாக 2024 ஜூனில் வெளிவந்தது. 2025 ஏப்ரலுக்கு முன் அது நடைமுறைக்கு வருமெனக் கூறப்பட்டது, வரவில்லை. ஆயினும் கடன் உள்ளவரை இத்தகைய யோசனைகள் மீண்டும் தலைதூக்காவென நாம் உறங்கிவிட முடியாது.

ஆதன வரியே கூடாதென நாம் வாதிடவில்லை. பத்து வீடுகளை வாங்கிப் பூட்டி வைத்திருப்பவரிடம் வரி பெறுவது நீதியே. ஏழையின் அரிசியிலும் சீமெந்திலும் கைவைப்பதைவிட அது எவ்வளவோ மேலானது. ஆனால் தான் குடியிருக்கும் வீடு வாணிபச் சரக்கன்று. மூலதன ஆதாயச் சட்டமே, ஒருவர் குடியிருந்த பிரதான வீட்டைச் சில நிபந்தனைகளுடன் வரியினின்று விலக்குகின்றது. விற்கும்போது விலக்களிக்கத்தக்க வீடு, குடியிருக்கும்போது மட்டும் எவ்வாறு வரிக்குரியதாகும்?

இதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. இவ்விதிகள் யாவும் மக்கள் கையில் உறுதி இருப்பதாக எண்ணியே வகுக்கப்படுகின்றன. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், உரிமை நிரூபிக்கப்படாத நிலத்தை ஆங்கில ஆட்சி முடிக்குரியதெனக் கொண்டது. அந்த நிழல் இன்றும் அகலவில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் தம் காணியைத் தம் விருப்பப்படி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. இருபது இலட்சம் குடும்பங்களுக்கு முழு உரிமை வழங்குவதாக 2024 இல் 'உறுமய' திட்டம் தொடங்கப்பெற்றது. நன்று. ஆனால் அனுமதிப்பத்திரமும் அற்றவரின் கதி என்ன?

கோமாரி அடங்கிய பொத்துவில் பிரதேசத்திலேயே இதற்குச் சான்றுண்டு. 1990 இன் வன்செயலால் இடம்பெயர்ந்த கனகர் கிராமத்து மக்கள் திரும்பியபோது, அவர்தம் காணி வன இலாகாவுக்குரியதெனக் கூறப்பட்டது. 2018 ஆகஸ்டில் அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கினர். அக்கரைப்பற்று நுரைச்சோலையில், கடற்கோளால் வீடிழந்த முஸ்லிம்களுக்கெனச் சவூதி உதவியுடன் 500 வீடுகள் எழுந்தன. வழக்கிலும் வாதத்திலும் சிக்கி, உரியவர் குடியேறாமலே ஆண்டாண்டாகப் பாழடைந்தன. ஓரிடத்தில் குடியுண்டு, காணியில்லை. மற்றோரிடத்தில் வீடுண்டு, குடியில்லை.

இவ்வாறு உறுதி அற்றவர் வரியினின்று தப்பினாரா? இல்லை. சீமெந்து மூட்டைக்கு அவரும் 18 வீதம் கொடுக்கின்றார். ஆனால் வங்கியில் ஈடுவைக்கவோ, மகளுக்குச் சீதனமாக எழுதவோ அவரால் இயலவில்லை. சொத்துடையோரின் சுமை அவருக்குண்டு. சொத்துடையோரின் உரிமை அவருக்கில்லை.

அரசாங்கத்துக்கு நாம் கூறுவது இதுவே. அனுமதிப்பத்திரக்காரருக்கு முழு உரிமை உறுதியைத் தாமதமின்றி வழங்குக. இடம்பெயர்ந்தோரின் பூர்வீகக் காணிகளை ஆராய்ந்து மீட்டளிக்குக. எவ்வகை ஆதன வரி வரினும், குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு முழு விலக்கைச் சட்டத்திலேயே பொறித்திடுக. காணி விண்ணப்பங்களும் மதிப்பீட்டு அறிவித்தல்களும் மக்கள் அறிந்த தமிழில் அமையட்டும்.

மக்களும் வாளாவிருத்தல் ஆகாது. பழைய அனுமதிப்பத்திரம், வரிப்பற்றுச்சீட்டு, பாட்டன் காலத்துச் சீதன உறுதி எதுவாயினும் பெட்டியினின்றும் எடுத்துப் பிரதேச செயலகத்தில் காட்டிப் பதிவு கோரவேண்டும். வரி கேட்கும் உரிமை அரசுக்குண்டு. அதற்கு முன்னர், இது உன் நிலம் என எழுதிக் கொடுக்கும் கடமையும் அதற்குண்டு. கடமை முந்தட்டும்!