போத்தலும் பெருமையும்

மத்திய கிழக்கில் உழைத்துப் பல்லேகலைக்கு மீளும் நம் பழைய மாணவர், நண்பர் நகைப்பரென அஞ்சி, கடன்பட்டேனும் விலையுயர்ந்த ஸ்கொட்ச் விஸ்கி வாங்கி வருதலைக் காண்கின்றோம். (இந்நாட்டில் 21 வயதுக்குட்பட்டோர்க்கு மது விற்றல் குற்றம், மாணவர் இப்பக்கத்தைக் கடந்து செல்க.) அவ்வச்சம் வேண்டாததென்போம். பிரித்தானியச் சட்டப்படி, ஸ்கொட்லாந்தில் வடித்து, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் 3 ஆண்டேனும் முதிர்ந்து, நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத மதுசாரம் கொண்டதே அப்பெயர் பெறும். மலிவான கலவை விஸ்கிக்கும் இவ்விதியே. போத்தலில் '12 ஆண்டு' எனப் பொறித்திருப்பின், அது கலந்தவற்றுள் மிக இளையதன் வயது. அலங்காரப் பெட்டிக்குக் கொடுக்கும் பணமோ நாவை எட்டாது. விருந்திற் சோடாவோடு கலந்து அருந்துவோர்க்கு மலிவான போத்தலே சாலும். அதுவும் மிகையெனின், தென்னங்கள்ளினின்று வடித்து ஹல்மில்ல மரப் பீப்பாயில் முதிர்ந்த நம் நாட்டுச் சாராயம் உண்டு. அதிலும், வேறு மதுசாரம் கலவாத தூய தென்னஞ்சாராயந்தானா என்று சுட்டுத்துண்டைப் படித்தே வாங்குக.