டாக்டர் வாக்கும் வேதவாக்கா?

"உடம்பு முழுவதையும் ஒரே நாளில் பரீட்சித்துத் தருகிறோம், அத்தனை பரீட்சையும் பாதி விலை" என்பது போன்ற விளம்பரங்கள் இப்போது பட்டணங்களில் மாத்திரமல்லாமல் சிற்றூர்களிலுங்கூட மலிந்துவிட்டன. ஜோசியனிடம் வருஷ பலன் கேட்பவனைப் பார்த்துச் சிரிக்கின்ற படித்த கூட்டமே, வருஷத்துக்கொருமுறை இங்கே கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, வருகிற காகிதத்தில் ஏதாவது ஒரு எண் தடித்த எழுத்தில் இருந்துவிட்டால் தூக்கமின்றிப் பரிகாரம் தேடி அலைகின்றது.

இப்படிச் சொல்வதால் நாம் வைத்தியத்துக்கு விரோதி என்றோ, நோய் முற்றும்வரை வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கச் சொல்லுகிறோம் என்றோ யாரும் கருதிவிட வேண்டாம். பூசாரியிடம் கேட்கின்ற அதே கேள்வியைத்தான் டாக்டரிடமும் கேட்கின்றோம். அதாவது, "இதனால் நன்மை உண்டு என்பதற்கு ருஜு என்ன?" என்பதேயாகும்.

நோயாளி தானாக வைத்தியரைத் தேடி வருகிறான். ஆனால் சுகமாயிருப்பவனை வைத்தியர் கூப்பிட்டு, "உனக்குத் தெரியாமல் உன் உடம்பில் நோய் இருக்கலாம்" என்று சொல்வாரானால், ருஜு காட்ட வேண்டிய பொறுப்பு அவருக்கு இரட்டிப்பாகிறதா இல்லையா?

ருஜு பார்ப்பது எப்படி என்பதற்கு நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-ம் வருஷம் தொடங்கி, க்ஷயரோகத்துக்கான பி.சி.ஜி. ஊசியைச் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேரிடம் பரீட்சித்தார்கள். சிலருக்கு உண்மை மருந்து, சிலருக்கு மருந்தில்லாத போலி ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 15 வருஷம் தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று ஏற்பட்டது. உலகமே நம்பியிருந்த மருந்தாயிற்றே என்று அதை மறைத்தார்களா? இல்லை. பத்திரிகையில் போட்டு உலகத்துக்குச் சொன்னார்கள். குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் க்ஷயம் போன்ற கொடிய வகைகளை அது தடுக்கிறது என்று வேறு ஆராய்ச்சிகள் காட்டியதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் போட்டு வருகிறார்கள். எந்தச் சாஸ்திரமாவது தன் மந்திரம் பலிக்கவில்லையென்று இப்படி ஒப்புக்கொண்டதுண்டா?

அது ஊசி, இது பரீட்சை என்றாலும் நியாயம் ஒன்றேதான். "நோயை முன்னதாகக் கண்டுபிடித்தால் நல்லதுதானே" என்று கேட்கலாம். செங்கற்பட்டிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலில் தூங்குகின்ற ஒருவனைப் பரனூரிலேயே எழுப்பினாலும், தாம்பரத்தில் எழுப்பினாலும் ரயில் போய்ச் சேருகிற நேரம் ஒன்றுதான். முன்னால் எழுப்பப்பட்டவன் அதிக நேரம் விழித்திருந்தான் என்பதைத் தவிர லாபம் என்ன? முன்னதாகக் கண்டு, அதனால் முடிவும் மாறினால்தான் அது லாபமாகும். தென் கொரியாவில் கழுத்துச் சுரப்பிப் புற்றைத் தேடித் தேடிப் பரீட்சித்ததில், 1993-க்கும் 2011-க்கும் இடையில் நோயாளிகள் எண்ணிக்கை 15 மடங்கு ஆயிற்று, சாவோ குறையவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் கழுத்தறுபட்டதும், ஆயுள் முழுவதும் மாத்திரை தின்பதும்தான் மிச்சம். பொதுவான முழு உடல் பரீட்சையைப்பற்றி நடந்த பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வெளியிட்ட கணக்கிலும், அதனால் சாவு குறைந்ததாகக் காணவில்லை.

இது நிற்க. ருஜுவுள்ள பரீட்சைகளும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் காசில்லாதவை. அதனால்தானோ என்னவோ அவற்றுக்கு விளம்பரப் பலகை கிடையாது! திண்டுக்கல் ஜில்லாவில் 2000 முதல், நர்ஸுகள் கர்ப்பப்பை வாயில் வினிகர் நீரைத் தடவி வெண்மை தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தவர்களுக்குச் சிகிச்சையும் செய்வித்ததில், அந்தப் புற்றால் வரும் சாவு நூற்றுக்கு 35 வீதம் குறைந்தது. திருவனந்தபுரம் ஜில்லாவில், புகையிலையோ மதுவோ பழகியவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததிலேயே வாய்ப்புற்றுச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ரத்தக் கொதிப்பை ஒரு பட்டையைக் கட்டியே கண்டுகொள்ளலாம். மருந்தால் பக்கவாதம் குறையுமென்பதற்கு ருஜு ஏராளம். 2021 முதல் இந்த ராஜ்யத்துச் சர்க்கார், வீடு தேடிப் பெண் ஊழியர்களை அனுப்பி ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து வருவதை நாம் மனமார ஆதரிக்கிறோம்.

ஆகவே செங்கற்பட்டு முதல் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குடும்ப வைத்தியர்களுக்கு நாம் சொல்வதென்னவென்றால், காய்ச்சலுக்கு வரும் குப்பத்து மீனவரின் வாயையும் ஒரு நிமிஷம் பாருங்கள், பட்டையையும் கட்டுங்கள். கல் தச்சரின் நெஞ்சைப் படம் எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். கல் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு மருந்தில்லையாதலால், தண்ணீர் விட்டுத் தூசியை அடக்கு என்று சொல்லுவதே பெரிய வைத்தியமாகும். ருஜுவில்லாத பரீட்சையை எழுதித் தராதீர்கள். பரீட்சைச் சாலையில் பங்கு வாங்குகிறவர் எவராயினும், அவருக்கும் தட்டில் காசு எதிர்பார்க்கும் குருக்களுக்கும் வித்தியாசம் என்ன?

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-21-ல் சர்க்கார் எடுத்த கணக்குப்படி, 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரீட்சை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. காரணம் ஏழ்மை மட்டுமா? பெண்ணின் உடம்பைத் தீட்டென்றும், வாய்விட்டுப் பேசுவது மானக்கேடென்றும் சொல்லிவைத்த சாஸ்திரங்களும், புருஷன் உத்தரவில்லாமல் படி தாண்டக்கூடாதென்ற வழக்கமும் அல்லவா? ஐந்து நிமிஷப் பரீட்சைக்கு வெட்கப்பட்டு, வருஷக்கணக்கில் நாறிச் சாவதுதான் கற்பா என்று கேட்கின்றோம்.

வினிகர் பரீட்சையைவிட வைரஸ் பரீட்சையே மேலென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் சொல்லியிருக்கிறது. நாளை அதைவிட மேலானது வரலாம். ருஜு மாறினால் முடிவும் மாறுவதே அறிவு; மாறாதிருப்பது வேதம். ஆதலால் அடுத்த முறை டாக்டர் ஒரு பரீட்சை எழுதினால், பயப்படாமல், மரியாதையாகவே, "ஐயா, இதனால் என் ஆயுளோ சுகமோ கூடுமென்பதற்கு ருஜு என்ன?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால், அதுவும் ஒரு பரீட்சைதான். அதற்குக் காசும் இல்லை.