1974-க்குப் பிறகு

பினாங்கு சிட்டி ஸ்டேடியம் பக்கம் தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த மேசைப் பெரியவர் வழக்கம்போல 1974-ஐ ஆரம்பித்துவிட்டார். கால்பந்தில் பினாங்கு கடைசியாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய வருடம். அதற்கு முன் 1953, 1954, 1958. 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன கிண்ணம், நூறு வருடத்தில் நமக்கு வாய்த்தது நாலே முறை. 1998-லும் 2001-லும் லீக்கை ஜெயித்தோமே என்றேன். லீக் வேறு, கிண்ணம் வேறு என்று கையை வீசிவிட்டார். எனக்கென்னவோ, இந்தக் கணக்கு எதிலும் சேராத ஒன்றுதான் மனத்தில் நிற்கிறது: 2016 பிப்ரவரியில் இதே திடலில், பஹாங்குக்கு எதிராக நம் அணியின் ஃபைஸ் சுப்ரி உதைத்த ஃப்ரீ கிக். ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்த பந்து, நடுவானில் மனம் மாறியதுபோல் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதும் வந்தது. ஆனால் அந்த உதையைவிட எனக்குப் பிடித்தது, ஜூரிச் விருது மேடையில் பேச வேண்டியதைக் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தேடி அவர் தடுமாறிய அந்தச் சில விநாடிகள்தான். நம்மூர்ப் பையன்டா என்று அப்போதுதான் தோன்றியது. (கெடாக்காரர் என்பது வேறு விஷயம்.) பெரியவரிடம் இதையும் சொன்னேன். மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “அதெல்லாம் சரி தம்பி, கிண்ணம் எங்கே?” என்றார்.